அங்கே போன பக்கங்கள்

"வரலை" என்றார் மேனேஜர், போனில்.

"போயிடுச்சு சார்" என்றார் சிஸ்டம்.

"போயிடுச்சுன்னா வரணுமில்ல? வரலை."

"இங்க திரையில, 'அங்கே போய்விட்டது'ன்னு காட்டுது சார்."

"திரை சொல்றதைக் கேப்பியா, நான் சொல்றதைக் கேப்பியா?"

மாதச் சம்பளம் வாங்குகிற எவரும் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் சொல்ல முடியும். சிஸ்டமும் அதையே சொன்னார்.

"நீங்க சொல்றதைத்தான் சார்."

"அப்போ மறுபடி அனுப்பு" என்று மேனேஜர் போனை வைத்தார்.

குழாய், வால்வு, வாஷ்பேசின் விற்கிற அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். ஆகவே எல்லாரும் அவரை 'சிஸ்டம்' என்றே கூப்பிட்டார்கள். நல்ல மனிதர். யார் எது சொன்னாலும் முதலில் நம்பிவிட்டு, பிறகுதான் யோசிப்பார். இதற்கு முன்னால் பார்த்த மூன்று வேலைகளும் இந்தக் குணத்தால்தான் போயின என்பது அவர் மனைவியின் கட்சி.

மறுநாள் வேறொரு ஊரில் புதுக் கிளை திறப்பதாக இருந்தது. அங்கே தனியாக சர்வர் கிடையாது. அங்கே உட்கார்கிறவர்கள் இங்கே தலைமை அலுவலகத்தில் இருக்கிற சர்வருக்குள் தொலைவிலிருந்தே நுழைந்து வேலை பார்க்க வேண்டும். ரிமோட் டெஸ்க்டாப் என்பார்கள். விரல் அங்கே, வேலை இங்கே, வேலை முடிந்ததும் தாள் மறுபடி அங்கே. விரலும் வேலையும் எப்படியோ ஒத்துப்போய்விடும். தாளில்தான் எப்போதும் தகராறு.

கம்ப்யூட்டர் சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்கிற சின்ன மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். ஊருக்கு ஊர், மேஜைக்கு மேஜை வேறு வேறு பிரிண்டர் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் என்று ஏற்றிக்கொண்டே போனால் சர்வர் படுத்துவிடும். அதற்காகவே யுனிவர்சல் டிரைவர் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள். எதிர்முனையில் என்ன பிரிண்டர் இருந்தாலும் சரி, அது ஒன்றே பேசிச் சமாளித்துக்கொள்ளும். பிரிண்டரின் பெயரும் மாடல் எண்ணும் திரையில் வந்தால் ஊழியர்கள் மிரண்டுபோய் போன் போடுவார்கள் என்பதால், சிஸ்டம் அவற்றையெல்லாம் மறைத்து, எதிர்முனையில் இருப்பது எதுவானாலும் 'அங்கே' என்று மட்டும் காட்டும்படி செய்து வைத்திருந்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

களத்தில் மூன்று யுனிவர்சல் டிரைவர்கள் இருந்தன. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவர் போன வாரம் முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னார்.

"மூணு டிரைவரா? நம்மகிட்ட இருக்கறதே ரெண்டு வண்டிதானேப்பா" என்றார் முதலாளியம்மா.

சிஸ்டம் விளக்கினார். முதலாளியம்மா குழாய் வியாபாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். உலகத்தில் எதையும் குழாயாக மாற்றிப் புரிந்துகொள்வார்.

"அப்படின்னா இங்க திறந்தா அங்க கொட்டணும். அவ்வளவுதானே? எது நல்லாக் கொட்டுதோ அதை வெச்சுக்க."

"எதிர்முனையில ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துச் சொல்லணும் மேடம்."

"நான் போறேன்" என்றார் பக்கத்தில் நின்ற மேனேஜர்.

சிஸ்டத்துக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. சரக்கு அடுக்கி வைக்கிற கிட்டங்கி கீழ்த்தளத்தில் இருக்கிறது என்பதற்காகவே அந்தப் பக்கம் தலைகாட்டாத மனிதர், வெளியூருக்குத் தானே போகிறேன் என்கிறார்! அவர் மேல் இருந்த பழைய கசப்பெல்லாம் அந்த நிமிஷமே கரைந்துபோயிற்று. அன்று காலை கிளம்பும்போது லேப்டாப்பையும் புதுக் கிளையின் ஒரே சாவியையும் வாங்கிக்கொண்ட மேனேஜர், வாசலில் நின்று ஒரு வார்த்தை சொன்னார்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு பக்கமாவது எனக்கு வரலைன்னா, உன் வேலையை வெளிக் கம்பெனிக்குக் குடுத்துடலாம்னு மேடம்கிட்ட சொல்லியிருக்கேன். சரின்னுட்டாங்க."

கரைந்த கசப்பு மறுபடி கெட்டியாயிற்று.

ஆக, காரியம் இதுதான். மேனேஜர் லேப்டாப்பிலிருந்து சர்வருக்குள் நுழைந்து வைப்பார். சிஸ்டம் இங்கிருந்தே அந்தத் திரைக்குள் எட்டிப் பார்த்து, கம்பெனி முகவரி போட்ட தாளில் பெரிதாக ஓர் எண்ணை அடித்து அனுப்புவார். முதல் டிரைவருக்கு ஒன்று, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. வருகிற தாளைப் பார்த்து மேனேஜர் மதிப்பெண் சொல்வார். இதில் தப்பு நடக்க எங்கே இடமிருக்கிறது என்று முந்தின நாள் சிஸ்டம் வீட்டில் கேட்டார். "நீங்க இருக்கீங்களே" என்றாள் மனைவி.

முதல் டிரைவர் சர்வரோடு கூடவே இலவசமாக வந்தது. பெரிய வேலை கொடுத்தால் மூச்சு வாங்கும் ரகம். ஒருவேளை இன்னும் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறதோ என்று சிஸ்டம் நினைத்தார். பின்னாலிருந்து தள்ளினால் முன்னால் இருப்பது நகரும் என்று பத்துப் பிரதி கொடுத்தார். பத்தும் 'அங்கே போய்விட்டது' என்றது திரை.

"வரலை" என்றார் மேனேஜர்.

"சார், பிரிண்டர்ல விளக்கு எரியுதா?"

"எரியுது."

"என்ன கலர் சார்?"

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"லைட் கலர்."

"பச்சையா, சிவப்பா சார்?"

"ரெண்டுக்கும் நடுவுல."

பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் என்ன நிறம் என்று சிஸ்டம் யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு விளக்கு எந்தப் பிரிண்டரிலும் அவருக்குத் தெரிந்து இல்லை. புது மாடலாக இருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டார்.

இரண்டாவது டிரைவர், பிரிண்டர் தயாரிக்கிற கம்பெனியே கொடுப்பது. அதுவும் இலவசம். தன் கம்பெனி பிரிண்டர் என்றால் உயிரை விடும். அடுத்த கம்பெனி பிரிண்டர் என்றால் முகம் கொடுத்துப் பேசாது. அதை ஏற்ற வேண்டுமானால் தலைமை அலுவலகத்தில் எல்லாருடைய பிரிண்ட் வேலையையும் கொஞ்சம் நிறுத்த வேண்டும். கண் மூடித் திறப்பதற்குள் முடித்துவிடலாம் என்று நிறுத்தினார். அவர் கண்ணைத் திறந்தபோது எதிரே கணக்கு அக்கா நின்றிருந்தார்.

"தம்பி, வரிசையில வெச்சிருந்த பில் அத்தனையும் காணோம்."

"இன்னொரு தடவை குடுத்துடுங்கக்கா."

"சொல்றதுக்கு உங்களுக்கு வாய் வலிக்கலை. அடிக்கறதுக்கு எனக்கு விரல் வலிக்குது."

"கடைசித் தடவைக்கா. இனிமே இப்படி நடக்காது."

கணக்கு அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். சிஸ்டம் இரண்டு என்ற எண்ணை அனுப்பினார். பிறகு அதையே வண்ணத்தில் அனுப்பினார். பிறகு குறுக்குவாட்டில் அனுப்பினார். ஒவ்வொன்றும் தாமதமில்லாமல் 'அங்கே' போயிற்று.

"வரலை, வரலை, வரலை" என்று மேனேஜர் மூன்றுக்கும் சேர்த்து ஒரே மூச்சில் சொன்னார். பின்னணியில் யாரோ, "அடுத்தவர் வரலாம்" என்று குரல் கொடுத்தார்கள்.

"யாரோ கூப்பிடறாங்க போலிருக்கே சார்?"

"பக்கத்துல பல் டாக்டர். சுவர் ரொம்ப மெல்லிசு" என்றார் மேனேஜர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏம்ப்பா, இந்த மூணு டிரைவருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டு வரியில சொல்லு, பார்ப்போம்."

இத்தனை வருஷத்தில் மேனேஜர் அவரிடம் தொழில் சம்பந்தமாகக் கேட்ட முதல் கேள்வி அது. சிஸ்டத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"முதலாவது சர்வரோட வர்றது சார். தனியா எதுவும் ஏத்த வேண்டாம், ஆனா கொஞ்சம் மெதுவு. ரெண்டாவது பிரிண்டர் கம்பெனிக்காரங்களோடது. அவங்க மெஷினோட எல்லா வசதியும் கிடைக்கும், ஆனா மத்தவங்க மெஷினைக் கண்டா தகராறு. மூணாவது காசு குடுத்து வாங்கறது. பக்கத்தைச் சுருக்கி அனுப்பும். அதனால லைன் மெதுவா இருந்தாலும் கவலையில்ல, எந்த மெஷினா இருந்தாலும் கவலையில்ல. சர்வர்ல ஒண்ணு, லேப்டாப்ல ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் ஏத்தணும். அவ்வளவுதான்."

"மெதுவு... தகராறு... சுருக்கம்" என்று மேனேஜர் முணுமுணுப்பது கேட்டது. "இதுல நிர்வாகத்துக்கு என்ன லாபம்?"

"ஒவ்வொரு கிளைக்கும் ஒவ்வொரு டிரைவர்னு மாரடிக்க வேண்டாம் சார். ஒரு ஆளே எல்லாக் கிளையையும் இருந்த இடத்துலேர்ந்து பார்த்துக்கலாம்."

"ஒரு ஆளே... இருந்த இடத்துலேர்ந்து. பிரமாதம்" என்று மேனேஜர் போனை வைத்துவிட்டார்.

சிஸ்டத்துக்கு உடனே புரிந்துவிட்டது. இதையெல்லாம் மனப்பாடம் செய்து, நாளைக்கு முதலாளியம்மாவிடம் தன் சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்துவிடப் போகிறார். தன்னை வேலையை விட்டு அனுப்புவதற்குத் தன்னிடமே குறிப்பு வாங்கிக்கொள்கிறாரே என்று வருத்தமாக இருந்தது. இருந்தாலும் "பிரமாதம்" என்றது நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது டிரைவரை வாங்குவதற்கு முன்னால் கொஞ்ச நாள் இலவசமாகப் பரீட்சை பார்க்கலாம். முந்தின நாளே மேனேஜரின் லேப்டாப்பில் அதற்கு வேண்டியதை ஏற்றிவிட்டிருந்தார். இப்போது சர்வரில் ஏற்றினார். பாதியில் அது ஒரு கேள்வி கேட்டது. 'இந்தப் பிரிண்டரை எல்லாருக்கும் பொதுவாக வைக்கலாமா?' அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேள்வியை முழுதாகப் படிக்காமல் 'ஆம்' என்று தட்டினார்.

"ஏங்க, அம்மா பேசினாங்க. இந்த வேலை நிரந்தரம்தானேன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"சரி... தான்."

"ஏன் இழுக்கறீங்க?"

"இழுக்கலையே. பிரிண்ட் விட்டுட்டிருக்கேன்."

"நல்லா விடுங்க" என்றாள் அவள், ஆசையாக. அந்த ஆசைதான் சிஸ்டத்தை என்னவோ செய்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். நாலாவது வேலையும் போய்விட்டது என்று இவளிடம் எந்த வாயால் சொல்வது?

மூன்று என்ற எண்ணை அனுப்பினார். அது போனதும் தெரியவில்லை, அவ்வளவு வேகம்.

"வரலை" என்றார் மேனேஜர்.

அதே சமயம் கணக்கு அக்கா மறுபடி வந்தார். இந்தத் தடவை தனியாக வரவில்லை. பின்னால் கல்லாவில் இருப்பவரும், கிட்டங்கியிலிருந்து ஒருவரும், கையில் வால்வோடு ஒரு வாடிக்கையாளரும் வந்தார்கள்.

"தம்பி, எங்க யாருக்குமே பிரிண்ட் வரலை."

சிஸ்டம் திரையைப் பார்த்தார். பொதுவாக வைத்தால் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று அர்த்தம் என நினைத்தார். அது எல்லாரும் அதை மட்டுமே பயன்படுத்தலாம் என்று அர்த்தம் செய்துகொண்டுவிட்டது. கல்லாவின் பில், கிட்டங்கியின் சீட்டு, கணக்கு அக்கா விரல் வலிக்க இரண்டாம் தடவை அடித்த அத்தனையும் 'அங்கே' போயிருந்தன.

"எங்க போச்சு?" என்றார் கணக்கு அக்கா.

"அங்கே."

"அங்கேன்னா எங்க?"

"மேனேஜர் சார் இருக்கற இடத்துல."

"அவர்கிட்ட கேளுங்க, வந்துச்சான்னு."

"கேட்டுட்டேன். வரலையாம்."

"இங்கயும் இல்ல, அங்கயும் இல்லைன்னா நடுவழியில நிக்குதா?"

சிஸ்டத்துக்கும் அதுதான் சந்தேகம்.

"நான் குழாய் வாங்க வந்தேனா, குடியிருக்க வந்தேனா?" என்று கேட்டார் வால்வுக்காரர்.

வேறு வழியில்லை. எல்லாரும் செய்கிற கடைசி வைத்தியத்தை சிஸ்டமும் செய்தார். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட விட்டார். அலுவலகம் முழுக்க "ஐயோ" என்றொரு சத்தம் கேட்டது. சேமித்து வைக்காதவர்கள் எத்தனை பேர் என்று அந்தச் சத்தத்திலிருந்தே கணக்குப் போடலாம். நுழைந்திருந்த எல்லாரையும் சர்வர் வெளியே தள்ளிவிட்டது. மேனேஜரையும்தான். அவரை மறுபடி நுழையச் சொல்லி போன் செய்தார்.

"இப்ப முடியாது. உள்ள கூப்பிட்டுட்டாங்க" என்று கிசுகிசுத்தார் மேனேஜர்.

"யாரு சார் கூப்பிட்டாங்க?"

"பல் டாக்டர்தான். வந்த இடத்துல பல் வலி."

"அப்போ பிரிண்டரை யார் சார் பார்ப்பாங்க?"

"வாயைத் திறந்தாலும் கண்ணு பார்த்துக்கிட்டுத்தானே இருக்கும்? இரு, நுழைஞ்சு வைக்கறேன். இனிமே கூப்பிடாதே."

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இந்தப் பக்கத்துப் பிரிண்டரை எப்படிப் பார்ப்பார் என்று சிஸ்டம் ஒரு கணம் யோசித்தார். ஆனால் சொன்னவர் மேனேஜர். நம்பிவிட்டார்.

மறுபடி எழுந்த சர்வர் எதையும் மறந்திருக்கவில்லை. முன்பாவது பட்டியலில் மற்றப் பிரிண்டர்களின் பெயர்கள் மங்கலாகத் தெரிந்தன. இப்போது அவையும் இல்லை. அலுவலகம் முழுமைக்கும் ஒரே பிரிண்டர், 'அங்கே'.

இந்த இடத்தில் ஒரு புத்திசாலி சும்மா இருந்திருப்பார். சிஸ்டமோ, இத்தனை வருஷம் முதலாளியம்மாவோடு இருந்த பழக்கத்தில் குழாய் மாதிரி யோசித்தார். சின்னச் சின்னப் பக்கமாக விட்டால் அடைப்பில் சிக்கி நிற்கிறது. பெரிதாக ஒன்றைத் தள்ளினால் அடைப்பை எடுத்துக்கொண்டு எல்லாமாகச் சேர்ந்து வெளியே வந்துவிடும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற, குழாய் பொருத்தும் கையேட்டை எடுத்தார். படங்களோடு சேர்த்து இருநூறு பக்கம். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினார். இருநூறும் போயின. அடைப்பு எடுத்ததாகத் தெரியவில்லை.

கல்லாவில் கூச்சல் ஏறியது. முதலாளியம்மா எழுந்து வந்துவிட்டார்.

"என்னப்பா நடக்குது? எது கொட்டுச்சு?"

"மூணுமே இங்க நல்லாத் திறக்குது மேடம். அங்க கொட்டலை."

"கொட்டலைன்னா எங்கேயோ ஒழுகுதுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, முதலாளியம்மா தன் போனிலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டார். எதிர்முனையில் குரல் தேனாக மாறியிருந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டத்துக்கே தெளிவாகக் கேட்டது.

"அந்தத் தம்பிக்கு வராது மேடம். எனக்கும் பாவமாத்தான் இருக்கு. காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி குடிக்காம பிரிண்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்கேன். ஒரு துண்டுத் தாள் வரலை."

முதலாளியம்மா போனை வைத்தார். கெட்டவர் இல்லை. ஆனால் கல்லாவில் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள், நாளைக்குக் கிளை திறக்க வேண்டும், பட்டினி கிடக்கிற மேனேஜர் ஒரு பக்கம், இருநூறு பக்கத்தைத் தொலைத்த சிஸ்டம் ஒரு பக்கம். யார் பக்கம் சாய்வார்?

"எனக்கு வேற வழி தெரியலைப்பா. ஒரு லெட்டர் தட்டு."

"யாருக்கு மேடம்?"

"உனக்குத்தான்."

சிஸ்டம் உட்கார்ந்து தட்டினார். முதலாளியம்மா சொல்லச் சொல்ல, 'தங்கள் பணி திருப்திகரமாக இல்லாததால் தாங்கள் இன்றே, உடனடியாக வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறீர்கள்' என்பது வரை வந்தது. கண்ணில் எழுத்து மங்கியது. இருந்தும் 'இன்றே, உடனடியாக' என்று இரண்டும் வேண்டாம், ஒன்று போதும் என்று திருத்தினார். வேலையில் அக்கறையில்லாதவர் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

"பேர் போடற இடத்தைக் காலியா விடு. உன் முழுப் பேர், இனிஷியல் எல்லாம் சரியாப் பார்த்து நானே பேனாவால எழுதிக்கறேன். இப்ப பிரிண்ட் எடு."

சிஸ்டம் தட்டினார். இருவரும் பக்கத்து மேஜைப் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது பேசாமல் இருந்தது.

"எங்கப்பா?"

"அங்கே போய்விட்டது மேடம்."

"தாள் இல்லாம நான் எதுல கையெழுத்துப் போடறது?"

"அதான் மேடம் எனக்கும் புரியலை. இந்த லெட்டர் மேனேஜர் சாருக்குப் போய்ச் சேர்ந்துட்டா, பக்கம் வந்துடுச்சுன்னு ஆயிடும். வந்துட்டா என் வேலை திருப்தி. அப்புறம் லெட்டர் எதுக்கு?"

"வரலைன்னா?"

"வரலைன்னா லெட்டரே இல்லையே மேடம்."

முதலாளியம்மா தலையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்போதுதான் மேஜை போன் அடித்தது. எடுத்துக் காதில் வைக்கக்கூடத் தெம்பில்லாமல் அவர் ஸ்பீக்கரை அழுத்தினார்.

"வணக்கங்க, குழாய் கம்பெனிங்களா?" களைத்துப்போன ஒரு பெண் குரல். "நான் ரிசப்ஷன்லேர்ந்து பேசறேன். தாள்ல உங்க நம்பர் போட்டிருந்துச்சு, அதான் கூப்பிட்டேன். உங்க பேப்பர் எல்லாம் எங்க பிரிண்டர்ல வந்துக்கிட்டே இருக்குங்க. கொஞ்சம் நிறுத்தறீங்களா? தாள் வெச்சு வெச்சு எனக்குக் கையே ஓய்ஞ்சு போச்சு."

சிஸ்டம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

"வருதா? எல்லாமே வருதா?"

"வராம? காலையிலேர்ந்து கொட்டுது."

எங்கிருந்து பேசுகிறார், யார், எவர் என்றெல்லாம் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கை தானாகப் பேனாவைத் தேடியது.

"ஒண்ணுன்னு பெரிசாப் போட்டிருக்குமே, அது எப்படி இருந்துச்சுங்க?"

"அது ஆடி அசைஞ்சு வந்துச்சு. ஆனா சுத்தமா இருந்துச்சு."

"ரெண்டு?"

"ரெண்டா? அதுல ரெண்டே இல்லைங்க. வெறும் புள்ளியும் கோடுமாக் கிறுக்கல். மிஷின் கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன்."

"மூணு?"

"அது பளிச்சுன்னு வந்துச்சு. அப்புறம் வந்த பில்லு, குழாய் மாட்டற புத்தகம், எல்லாம் அதே மாதிரிதான். படமெல்லாம் கண்ணுல ஒத்திக்கலாம் போல."

"மூணுதான் மேடம்!" என்று சிஸ்டம் முதலாளியம்மா பக்கம் திரும்பினார். அவர் டிரைவர்கள் அவரைக் கைவிடவில்லை. ஒரு பக்கம்கூடத் தொலையவில்லை. யாரோ முகம் தெரியாத ஒரு பெண் அத்தனைக்கும் சாட்சி சொல்கிறாள்.

முதலாளியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"நீங்க எந்த ஊர்லேர்ந்து பேசறீங்கம்மா?"

"இதே ஊர்தாங்க. உங்க பின்னாடித் தெரு. நாங்களும் குழாய் கம்பெனிதான்."

முதலாளியம்மாவின் முகம் மாறியது. பின்னாடித் தெருக் கம்பெனியின் பெயரை அந்த அலுவலகத்தில் யாரும் உச்சரிப்பதில்லை.

"எங்க பேப்பர் உங்க மிஷினுக்கு எப்படி வரும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. காலையில ஒருத்தர், அவசரமா ஒரே ஒரு பக்கம் எடுக்கணும்னு கெஞ்சினாரு. பாவம்னு அவர் லேப்டாப்ல எங்க பிரிண்டரை மாட்டி விட்டேன். அதுலேர்ந்துதான் இந்தக் கூத்து."

சிஸ்டமும் முதலாளியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப கடைசியா ஒரு லெட்டர் வந்திருக்கு" என்றது குரல், கொட்டாவியை அடக்கிக்கொண்டு. "யாரையோ உடனே வேலையை விட்டு நிறுத்தறதா இருக்கு. பேர் போடற இடம் காலியா இருக்கு, நீங்கதான் எழுதிக்கணும் போல. எல்லாத்தையும் கட்டி வெச்சிருக்கேன். ஆள் அனுப்பறீங்களா, இல்ல, எங்க மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூன்னு காலையிலேர்ந்து இங்க உட்கார்ந்திருக்காரே உங்க மேனேஜர், அவர் கையிலயே குடுத்தனுப்பட்டுமா?"